ஏப்பச் சோதனை

சர்க்கரையும் நெய்யும் ரேஷனுக்கு வந்த வருஷம் நம் மாநிலத்தில் பெரிய கலவரம் வெடிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வெடிக்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. கல்லெடுத்து எறியும் தெம்பு யாருக்கும் இல்லை. தீபாவளிக்குத் தலைக்கு ஒரு லட்டு, பொங்கலுக்கு ஒரு கரண்டி நெய், அதோடு சரி. மற்ற நாளெல்லாம் அரசாங்கம் வகுத்துக் கொடுத்த சத்துக்கஞ்சி. அந்தக் கஞ்சியில் சகல சத்தும் உண்டு. ருசிதான் சுவரை நக்கியது போல இருக்கும்.

இப்படி நாக்கு செத்துக் கிடந்த ஜனங்களுக்கு முன்னால்தான் 'மூச்சமுது' நிறுவனத்தின் அதிபர் நாச்சியப்பன் நெய்க்குழலோடு வந்து நின்றார். பேனா அளவுக்கு ஒரு குழல். உள்ளே ஒரு பேட்டரி, சூடேறும் சின்னக் கம்பி, கொஞ்சம் தித்திப்பான திரவம். வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் மைசூர்பாகு, இன்னொரு இழுப்புக்கு நெய் ரோஸ்ட். சர்க்கரை கிடையாது, கொழுப்பு கிடையாது, நிகோடின் அறவே கிடையாது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று ஏங்கியவர்களுக்கு, வாய்க்கு எட்டாதது நெஞ்சு வரைக்கும் எட்டியது.

நாச்சியப்பன் கெட்டிக்காரர். மின்சிகரெட் என்று சொன்னால் போலீஸ் வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் குழலைப் பலகாரம் என்று பதிவு செய்தார். உள்ளே இருக்கிற சரக்கெல்லாம் சாப்பிடக் கூடியவை என்பதால் உணவுப் பாதுகாப்புக் குழுவும் யோசிக்காமல் பச்சை முத்திரை குத்திக் கொடுத்தது. பலகாரத்தை யாராவது நெஞ்சுக்குள் இழுப்பார்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் கூட்டம் மதியச் சாப்பாட்டையும் தாண்டிப் போயிருக்கும்.

பிறகு கேட்க வேண்டுமா? குழல் மாநிலத்தைத் தாண்டி நாடெங்கும் பரவியது. கல்யாணப் பந்தியில் இலைக்குப் பக்கத்தில் குழல் வைத்தார்கள். பரிமாறுகிறவர் குனிந்து, "அண்ணே, பாதுஷா இன்னும் ஒரு இழுப்பு?" என்று உபசரித்தார். வேண்டாம் என்றால் சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். மண்டபம் முழுக்க இருமல் கேட்டது. மண்டபத்துத் தூசி என்றார்கள். அரசியல் கூட்டங்களில் பேச்சுகள் சுருங்கின. அது ஒன்றுதான் நெய்க்குழலால் நாட்டுக்கு விளைந்த நன்மை.

அந்தக் குழலுக்கு நெய் மணத்தைச் சேர்த்தவள் டாக்டர் நப்பின்னை. மூச்சமுது ஆய்வுக்கூடத்தின் தலைமை வேதியியலாளர். உருக்கிய நெய்யில் முருங்கைக்கீரை பொரிகிற அந்தக் கடைசி வாசனை வரைக்கும் கொண்டுவந்தவள் அவள்தான். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. பெருமைக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நாளாக ஒரு உறுத்தலும் இருந்தது.

ஒரு நாள் காலை, ஆய்வுக்கூடத்துக்கு இசக்கி வந்தாள். இசக்கியை அறியாதவர்கள் அப்போது யாருமில்லை. மூச்சமுது நடத்திய மகளிர் கபடி அணியின் தலைவி. ஊரெல்லாம் விளம்பரப் பலகையில் குழலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது அவள் முகம்தான். 'என் மூச்சின் ருசி' என்று பக்கத்தில் எழுதியிருக்கும்.

"அக்கா, பாட்டு அந்துருது" என்றாள் வந்ததும்.

"புரியற மாதிரி சொல்லு."

"கபடி கபடின்னு பாடிப் போறேம்லா. கோட்டைத் தாண்டி உள்ள போயிருதேன். ரெண்டு பேரத் தொட்டும் போடுதேன். திரும்பி வாரதுக்குள்ள மூச்சு நின்னுருது. எதிராளி கோட்டுக்குள்ள மூச்சு விட்டா அவுட்டு. கோச்சு என்னைய சோம்பேறிங்காரு. இந்தக் கடைசி ஆட்டத்துக்கு இந்தியா டீமுக்கு ஆளெடுக்க வாராகக்கா. சின்னப் பிள்ளையில இருந்து இதுக்குத்தான் ஓடுதேன். இப்பப் போயி மூச்சு போகுது."

நப்பின்னை அவளை உட்கார வைத்தாள். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை குழல் இழுக்கிற?"

"ஆட்டத்துக்கு நடுவுல கேமராவுக்கு முன்னால இழுத்தே ஆவணும். அது ஒப்பந்தம். அப்புறம் ஹாஸ்டல் கஞ்சிக்குத் தொட்டுக்க இழுப்பேன். எனக்கு அல்வான்னா உசுரு." சொல்லிவிட்டு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஏங்க்கா, இதுவா காரணம்? இது திங்குற பொருளுன்னுதான போட்டிருக்கு? பச்சை முத்திரைகூட இருக்கே?"

"திங்கிற பொருள்தான். இதைத் தின்னா ஒண்ணும் ஆகாது. இருமல் மருந்துலயும் கேக்குலயும் போடுற சரக்குதான். வயித்துக்குப் போச்சுன்னா அங்க அமிலம் இருக்கு, கல்லீரல் இருக்கு. வேண்டாததைப் பிரிச்சு வெளியே தள்ளிடும். நீ இதைத் திங்கலையே இசக்கி. ஆவியாக்கி நெஞ்சுக்குள்ள இழுக்குற. நெஞ்சுல பிரிச்சு வைக்க ஆள் கிடையாது."

"ஆவிதானக்கா? இட்லிகூட ஆவியிலதான் வேவுது."

"இட்லிப் பானையில வர்றது தண்ணி. எண்ணெய் காஞ்சு புகைஞ்சா கண்ணு எரியுதில்ல? குழல்ல ஊத்துற கிளிசரினும் அப்படித்தான். கம்பி ரொம்பச் சூடானா அது உடைஞ்சு வேற சரக்காயிடும். அது நுரையீரலை அரிக்கும். அதைவிட மோசம் என்னோட நெய் மணம். டைஅசெட்டைல்னு பேரு. வெண்ணெய்ல இயற்கையாவே கொஞ்சம் இருக்கு. சாப்பிட்டா சாது. ரொம்ப காலத்துக்கு முன்னாடி வெளிநாட்டுல, சோளப்பொரிக்கு வெண்ணெய் வாசனை ஏத்துற ஆலையில வேலை பார்த்தவங்க அதை மூச்சுல இழுத்துட்டே இருந்திருக்காங்க. நுரையீரலோட நுனியில இருக்கிற பொடிக் குழாய்ங்க தழும்பேறி அடைச்சுக்கிச்சு."

"அப்புறம் திறந்துச்சா?"

"திறக்கலை."

இசக்கி தன் நெஞ்சைத் தடவிக்கொண்டாள். "அப்போ எனக்கும் அடைச்சிருச்சா?"

"தெரியாது. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். யாருமே பாக்கலை. எலிக்குக்கூட ஊட்டித்தான் பார்த்திருக்காங்க, மூச்சுல குடுத்துப் பாக்கலை. அடுத்த வாரம் பாதுகாப்புக் குழு கூடுது. பள்ளிக்கூடத்துச் சத்துக்கஞ்சியோட பிள்ளைங்களுக்கும் குழல் குடுக்கணும்னு முதலாளி கேட்டிருக்கார். நீ என்கூட வா. அவங்க முன்னாடி ஒரு தடவை பாடிக் காட்டு."

"வாரேன். அது வரைக்கும் ஒப்பந்தத்துக்கு என்ன செய்ய?"

"உதட்டுல வச்சுக்கோ. உள்ளே இழுக்காத."

"நடிக்கச் சொல்லுதியளா?"

"விளம்பரத்துல வேற என்ன செஞ்ச?" என்றாள் நப்பின்னை. இசக்கிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமலும் வந்தது.

பாதுகாப்புக் குழுவின் தலைவர் பேராசிரியர் ஆளவந்தார். பால்பொருள் விஞ்ஞானத்தில் கரை கண்டவர், நல்லவர். எதையும் சாப்பிட்டுப் பார்க்காமல் அபிப்பிராயம் சொல்ல மாட்டார். குழுவின் முன் எந்தப் பொருள் வந்தாலும் வாழையிலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு, சற்று நேரம் பொறுத்து, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் முத்திரை குத்துவது அந்தக் குழுவின் வழக்கம். எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத வழக்கம். அதனாலேயே யாராலும் மாற்ற முடியாததாக இருந்தது.

நப்பின்னை எழுந்து, இசக்கியிடம் சொன்னதையே விஞ்ஞான பாஷையில் சொன்னாள். சுகாதாரத் துறையின் சார்பில் வந்திருந்த அதிகாரி கற்பகவல்லி அம்மையார் தலையசைத்துக் கேட்டார்.

"மூச்சுக்குழாய் எங்க துறைதான், மறுக்கலை" என்றார் அவர். "ஆனா அதுக்குள்ள போறது பலகாரம். பலகாரம் உணவுத் துறை. பலகாரம் எங்க போகணும்னு நாங்க சொன்னா அடுத்த துறையில தலையிட்டதா ஆயிடும்."

"அப்ப சாப்பிடும்போது புரையேறினா எந்தத் துறைம்மா?" என்று ஆளவந்தார் கேட்டார்.

"அது சாப்பிடுறவங்க கவனக்குறைவு சார்."

நாச்சியப்பன் பணிவாகச் சிரித்தார். "ஐயா, நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடுக்காததை நான் ஊருக்குக் குடுப்பேனா?" என்றார். தம் பேரப்பிள்ளைகள் ஊட்டியில் காற்றுச் சுத்தமான பள்ளிக்கூடத்தில் படிப்பதையும், அங்கே குழலுக்கு அனுமதி இல்லை என்பதையும் அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"இவங்களைப் பாருங்க" என்று நப்பின்னை இசக்கியை முன்னால் கூப்பிட்டாள். "மாநிலத்துலயே நீளமா பாடினவங்க. இப்பப் பாடச் சொல்லிக் கேளுங்க."

இசக்கி செருப்பைக் கழற்றிவிட்டு, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்துப் பாடினாள். கபடி கபடி கபடி கபடி. அந்த அறையின் கண்ணாடி அதிர்ந்தது. குழுவினர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதற்குள் குரல் கம்மியது. கழுத்து நரம்பு புடைத்தது. பாட்டு அறுந்தது. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

ஆளவந்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம் குழந்தை. சின்ன வயசில நானும் ஆடியிருக்கேன். இது சரியில்லையே நாச்சியப்பன்?"

"பெரியவங்க முன்னாடி பதட்டம் ஐயா, வேறென்ன? நேத்துத்தான் ஆஸ்பத்திரியில ஊதச் சொல்லிப் பார்த்தோம். எல்லாம் இயல்பா இருக்குன்னு சொல்லிட்டாங்க."

"போன வருஷக் கணக்குப்படி இவ ஊதின அளவு நோய்" என்றாள் நப்பின்னை. "இந்த வருஷம் எப்படி இயல்பாச்சு?"

கற்பகவல்லி அம்மையாருக்கு இது தம் துறை. உற்சாகமாகவே பதில் சொன்னார். "இயல்புங்கிறது என்ன டாக்டர்? ஜனங்களோட சராசரி. சராசரி இறங்கினதால இயல்பையும் இறக்கினோம். இல்லைன்னா பாதி ஜனத்தை நோயாளின்னு சொல்லணும். அத்தனை பேரைப் படுக்க வைக்க ஆஸ்பத்திரியில இடம் எங்க இருக்கு?"

"ஏன் இறங்கிச்சுன்னு கேக்க வேண்டாமா?"

"அதுக்குத் தனியா கமிட்டி போடணும்."

நேரமாகிவிட்டது. இலை போட்டார்கள். சர்க்கரையில்லாத சர்க்கரைப் பொங்கலின் மேல் குழலில் ஊற்றும் நெய்த் திரவத்தை ஒரு கரண்டி தாராளமாக விட்டுப் பரிமாறினார்கள். உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆளவந்தார் கண்ணை மூடிச் சாப்பிட்டார், இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். அன்றைக்குப் பொங்கலிலும் மறைக்க முடியும் என்று தெரிந்தது.

"சார், இதுதான் தப்பு" என்று நப்பின்னை கெஞ்சினாள். "இதைச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நானே எழுதிக் குடுக்கறேன். மூச்சுல போனா என்ன ஆகும்னுதான் கேக்கறேன்."

ஆளவந்தார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பதிலுக்கு முன் ஏப்பம் வந்தது. நீண்ட, கம்பீரமான, திருப்தியான ஏப்பம். வந்ததும் அவர் முகம் பிரகாசித்தது.

"நெய் வாசனை வந்ததா? உங்களுக்கும் வந்ததா?" என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார். வந்தது என்றார்கள். "ஏப்பம் காத்துதானேம்மா? அந்தக் காத்துல இந்தச் சரக்கு இருந்திருக்கு. தொண்டை வழியா, மூக்கு வழியா வந்திருக்கு. எனக்கு ஏதாவது ஆச்சா? அப்போ மூச்சு வழியாவும் சோதிச்சாச்சு."

"சார், அது வெளியே போற காத்து!"

"உள்ளே போனதுதானே வெளியே வரும்?"

இதற்கு மறுப்புச் சொல்ல ஒரு விஞ்ஞானியால் முடியாது. சிரித்துவிட்டால்கூட முடிந்திருக்கும். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. 'உட்கொள்ளும் முறையிலும் சுவாச முறையிலும் பரிசோதிக்கப்பட்டுப் பாதுகாப்பானது' என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. பள்ளிக்கூடங்களுக்குக் குழல் போயிற்று. நப்பின்னை வேலையை விட்டாள். அவள் விடாவிட்டால் அவர்கள் விட வைத்திருப்பார்கள்.

இசக்கி உதட்டில் மட்டும் குழலை வைத்து நடித்துக்கொண்டிருந்தாள். அல்வா இல்லாமல் கஞ்சி இறங்கவில்லை என்று போனில் புலம்பினாள். மூச்சு மேலும் மோசமாகவில்லை, திரும்பவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கபடி சம்மேளனம் ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தது. பாடிப் போகிறவர் எதிரணிக் கோட்டுக்குள் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், அது அவுட் ஆகாது. ஆட்டம் நவீனமாகிறது என்றது அறிக்கை. ஆட்டத்துக்குப் பணம் போட்டது மூச்சமுது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ரசிகர்கள் வரவேற்றார்கள். ஒரே மூச்சில் பாடுவது பழைய காலத்துக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒரு நிபுணர் டி.வி.யில் சொன்னார். சொல்லி முடிக்க நடுவில் இரண்டு முறை நின்றார்.

கடைசி ஆட்டத்தன்று நப்பின்னை டிக்கெட் வாங்கிக்கொண்டு அரங்கில் போய் உட்கார்ந்தாள். தேர்வாளர் சவரிமுத்து முன் வரிசையில் இருந்தார். ஒரு காலத்தில் இந்திய அணியில் ஆடியவர். ஆட்டம் சமமாகப் போய், கடைசிப் பாட்டில் வந்து நின்றது. இசக்கி போனாள்.

போனவள் ஒருத்தியின் முழங்காலைத் தொட்டாள். இன்னொருத்தி பிடிக்க வந்தாள். அவள் தோளைத் தொட்டு வழுக்கித் திரும்பினாள். நடுக்கோட்டுக்கு இன்னும் கொஞ்சம்தான். அங்கே பாட்டு அறுந்தது. அவள் வாய் திறந்து மூச்சு வாங்கியது மேல் வரிசை வரைக்கும் கேட்டது. வாங்கிக்கொண்டு தாவிக் கோட்டைத் தொட்டாள். நடுவர் இரண்டு விரலைக் காட்டினார். அரங்கம் எழுந்து நின்றது.

நப்பின்னைக்கு அந்த நிமிஷத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. சட்டம் அயோக்கியத்தனமான சட்டம்தான். இந்தப் பெண்ணுக்காவது உதவியதே, இடம் கிடைத்துவிடுமே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு வெட்கமும் பட்டாள்.

இசக்கி மட்டும் கொண்டாடவில்லை. நடுவரிடம் போய்க் கையைத் தூக்கினாள்.

"மூச்சு விட்டுட்டேன் சார். அவுட்டு."

"அது இப்ப அவுட் இல்லம்மா. ரூல் மாறிடுச்சே. நீ ஜெயிச்சுட்ட."

"எங்க ஊர்ல நடுவரே கிடையாது சார். மூச்சு விட்டவதான் விட்டேன்னு சொல்லணும். சொல்லாம நின்னா அப்புறம் அவளை எவளும் ஆட்டத்துக்குச் சேக்க மாட்டா." பேச்சு நடுவில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி வந்தது. "நான் விட்டுட்டேன். எழுதிக்கோங்க."

அவள் கோட்டைத் தாண்டி வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள். நடுவர் வேறு வழியில்லாமல் புள்ளியை எடுத்தார். மூச்சமுது அணி தோற்றது. நாச்சியப்பன் எழுந்து போனார். கூட்டத்தில் பாதிப் பேர் திட்டினார்கள், மீதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை.

நப்பின்னை இறங்கி ஓடி வந்தாள். "ஏண்டி இப்படிப் பண்ணின? கிடைச்சிருக்குமே!"

"கிடைச்சு என்னக்கா செய்ய? வெளிநாட்டுல போயி ஆடும்போது அவனும் நம்ம ரூல்லயா ஆடுவான்? வேற யாராச்சும் நல்ல மூச்சுள்ள பிள்ளை போகட்டும். இங்க தோத்தா எனக்கு மட்டுந்தான் அசிங்கம்." சொல்லும்போது உதடு துடித்தது. சின்ன வயசு ஆசையை அப்படித் தூக்கிக் கொடுத்துவிட்டு யாரால் நிதானமாகப் பேச முடியும்?

அப்போது சவரிமுத்து அவர்களைத் தேடிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இசக்கி, மனசைத் தளர விடாத. உன்னை எடுத்தாச்சு."

அவள் நம்பாமல் பார்த்தாள். "சார், நான் அவுட்டு. பாட்டு அந்துருச்சு. எல்லாரும் பாத்தாகளே?"

"பார்த்தோம்மா. காலையில எட்டு மாநிலத்துல இருந்து வந்த பிள்ளைங்க எல்லாருக்கும் பாடச் சொல்லிப் பார்த்தோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரைக்கும் பார்த்தாச்சு." அவர் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். "உன் அளவுக்கு யாரும் பாடலை. பக்கத்துலகூட வரலை. இன்னைய தேதிக்கு நாட்டுலயே நீளமான மூச்சு உன்னோடதுதான்."

"இந்த மூச்சா?" என்றாள் இசக்கி.

"இதேதான்! நீதான் முதல்" என்று அவர் தட்டிக்கொடுத்தார்.

இசக்கி நப்பின்னையைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, ஓவென்று அழுதாள். நப்பின்னையும் பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். புகைப்படக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் முதல் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. கீழே 'ஆனந்தக் கண்ணீர்' என்று போட்டிருந்தார்கள்.